சீட்டின் பின்பக்கம்

வடசென்னை தண்டையார்பேட்டையில் டி.எச். ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் எங்கள் கடை இருக்கிறது. மிக்சி, கிரைண்டர், ஃபேன், அயர்ன் பாக்ஸ் எல்லாம் ரிப்பேர் செய்கிறோம். கடையைத் தொடங்கியவர் என் நைனா, அப்பாதான். ஓடாத மோட்டாரைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தே, பேரிங் போயிருக்கிறதா, புஷ் தேய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். மோட்டாருக்குக் கம்பி சுற்றி வைண்டிங் கட்டினால் வருடக்கணக்கில் நிற்கும். ஆனால் பேசமாட்டார். "இன்னா ஆச்சு நைனா?" என்று யாராவது கேட்டால், "ரெடியாயிடுச்சு, எடுத்துக்கினு போ" என்பதோடு சரி.

நான் கல்லாவில் உட்கார ஆரம்பித்தது 2016-ல். அந்த வருடம்தான் எங்கள் பக்கம் மெட்ரோ வேலையும் தொடங்கியது. ரோட்டில் தகரத் தடுப்பு வைத்தார்கள். வண்டி நிறுத்த இடம் இல்லை, எதிர்ப் பக்கத்திலிருந்து நடந்து வருவதே பெரும்பாடு. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் ரயில் ஓட ஆரம்பிக்கும் வரை இதே நிலைதான். போகிற வழியில் எட்டிப் பார்த்துவிட்டு வருகிற ஆட்கள் நின்றுபோனார்கள். நம்மைத் தேடி வருகிறவர்களை வைத்துத்தான் கடை ஓட வேண்டும் என்ற நிலை வந்தபோதுதான், தேடி வர அவர்களுக்கு என்ன காரணம் கொடுத்திருக்கிறோம் என்று யோசித்தேன்.

ஒரு நாள் காசிமேட்டிலிருந்து ஒரு அக்கா மிக்சியை வாங்க வந்தார். 450 ரூபாய் என்றேன். "இன்னா பண்ணீங்க நானூத்தியம்பது ரூபாய்க்கு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நைனா தலையைத் தூக்கவில்லை. எனக்கும் அப்போது தெரியாது. அவர் பணத்தை எண்ணி வைத்துவிட்டு, மிக்சியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே போனார். அந்த மிக்சிக்கு நைனா ஒரு பகல் முழுக்க உழைத்திருந்தார். அந்த உழைப்பு டப்பாவுக்குள்ளேயே மூடிக் கிடந்தது. அந்த அக்கா பார்த்தது பழைய மிக்சியை, அதே கறையோடு.

அன்று ராத்திரி நைனாவைக் கேட்டுக் கேட்டு என்னென்ன செய்தார் என்று எழுதிக்கொண்டேன். மறுநாளிலிருந்து சீட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். முன்பக்கத்தில் எல்லாக் கடையிலும் இருப்பதுதான் இருக்கும்: பெயர், தேதி, பொருள், அட்வான்ஸ். பின்பக்கம் காலியாகத்தானே கிடக்கிறது!

முதலில் எழுதியதை இப்போது படித்தால் அது என் எழுத்தாகவே தெரியவில்லை. "தங்களின் மிக்சி பழுது நீக்கப்பட்டு உதிரிபாகம் மாற்றப்பட்டுள்ளது." ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. யார் நீக்கினார், எதை மாற்றினார் என்று ஒன்றும் தெரியவில்லை. படித்தவர்களும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். மெதுவாகத்தான் கை பழகியது. இப்போது ஒரு சீட்டில் எழுதுவது இப்படி இருக்கும்:

"ஜார் அடியில் இருக்கிற புஷ் தேய்ந்துபோய், அது வழியாகத் தண்ணீர் கீழே இறங்கியிருக்கிறது. அந்தத் தண்ணீர்தான் மோட்டாரைக் கெடுத்தது. நைனா புஷ்ஷும் கார்பன் பிரஷ்ஷும் புதுசு போட்டிருக்கிறார். பழசு இரண்டும் கவரில் இருக்கிறது, பாருங்கள். இனிமேல் ஜார் அடியில் ஈரம் தெரிந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு ஜாரை மட்டும் எடுத்து வாருங்கள். மிக்சியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்."

இதில் கடைசி வரிதான் ஆட்களைத் திரும்ப அழைத்து வருகிறது என்பது என் அனுபவம். மற்ற வரிகள் வாங்கிய காசுக்குக் கணக்கு சொல்கின்றன. கடைசி வரி, அவர் வெயிலில் மிக்சியைச் சுமந்துகொண்டு நடப்பதை நாம் நினைத்துப் பார்த்திருக்கிறோம் என்று சொல்கிறது. பழைய பாகத்தைக் கவரில் போட்டுக் கொடுப்பதும் அப்படித்தான். தேய்ந்த கார்பன் பிரஷ்ஷைக் கையில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு குட்டையாகிவிட்டது என்று யாருக்கும் புரியும். அதைப் பார்த்தவர் விலையைப் பற்றி இரண்டாவது முறை கேட்டதே இல்லை.

எழுதும்போது நான் விட்டுவிட்ட ஒரு பழக்கம், குற்றம் சொல்வது. "நீங்கள் சூடாக அரைத்ததால் கெட்டுவிட்டது" என்று எழுதினால் அது உண்மையாகவே இருந்தாலும் வீட்டில் சண்டை வரும். அந்தச் சீட்டை மாமியாரும் படிப்பார், வீட்டுக்காரரும் படிப்பார். "வறுத்ததை ஆறவைத்து அரைத்தால் பிளேடும் புஷ்ஷும் ரொம்ப நாள் வரும்" என்று எழுதினால் அதே விஷயம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. யாரும் யாரையும் முறைப்பதில்லை.

இன்னொன்றைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. எங்கள் பக்கம் வயதான பெண்கள் பலருக்கு வாசிக்கத் தெரியாது. சீட்டை வாசிப்பது பேத்தியோ பக்கத்து வீட்டுப் பையனோதான். ஒரு நாள் கடை வாசலிலேயே ஆறாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண், தன் ஆயாவுக்காக நான் எழுதிய சீட்டை உரக்கப் படித்தாள். நீளமான ஒரு வாக்கியத்தில் பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டாள். ஆயா "இன்னாடி சொல்லுது?" என்று கேட்டார். அன்றிலிருந்து எழுதி முடித்ததும் ஒரு முறை வாய்விட்டுப் படிக்காமல் எதையும் கொடுப்பதில்லை. நாக்கு தடுக்கும் இடத்தில் வாக்கியத்தை உடைத்துவிடுவேன். வாட்ஸ்அப் வந்த பிறகும் இதேதான். வாசிக்கத் தெரியாதவர் என்றால் எழுதியதையே குரலில் பேசி அனுப்பிவிடுவேன். எழுதி வைத்துக்கொண்டு பேசினால் வளவளவென்று போகாது.

2011-ல் அரசாங்கம் விலையில்லா மிக்சி, கிரைண்டர், ஃபேன் கொடுக்க ஆரம்பித்தது. எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் இன்னும் அவை ஓடுகின்றன. அதைக் கொண்டுவருகிறவர்கள் "கவர்மெண்ட் மிக்சிதாம்மா" என்று கொஞ்சம் கூச்சத்தோடு சொல்லுவார்கள். அந்தச் சீட்டைத்தான் நான் கூடுதல் கவனத்தோடு எழுதுவேன். ஐயாயிரம் ரூபாய் மிக்சிக்கு நாலு வரி எழுதினால் இதற்கும் நாலு வரி. கூச்சத்தோடு வந்தவரிடம் அரைகுறையாக நடந்துகொண்டால் அவர் சண்டை போடமாட்டார், திரும்ப வரவும் மாட்டார்.

அப்புறம் நோட்டு. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். என்ன பொருள், எப்போது வந்தது என்பதோடு, அந்த ஆளைப் பற்றி ஒரே ஒரு வரியும் எழுதுவேன். "மூணாவது மாடி, முட்டி வலி." "நைட் டூட்டி, பகலில் போன் பண்ணக் கூடாது." "வீடு கடலோரம், ஃபேன் பேரிங் சீக்கிரம் துருப் பிடிக்கும்." கடைசியில் சொன்னது முக்கியம். காசிமேடு, ராயபுரம் பக்கம் உப்புக் காற்றில் ஸ்குரூகூட உள்ளேயே துருவேறி இறுகிவிடும். அந்த வீடுகளுக்கு, சத்தம் வர ஆரம்பித்ததுமே கொண்டுவந்துவிடச் சொல்லி எழுதுவேன். மோட்டார் போகும்வரை காத்திருந்தால் எனக்குத்தான் லாபம். ஆனால் அப்படிச் சம்பாதித்த காசு ஒரே முறைதான் வரும்.

நோட்டில் எழுதுவதற்கு நானே வைத்துக்கொண்ட ஒரு வரம்பு உண்டு. அந்த ஆளே எட்டிப் பார்த்தாலும் படிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். வீட்டுச் சண்டை, கடன், குடி எதுவும் அதில் இருக்காது. கல்லாவில் உட்கார்ந்தால் எல்லாம் காதில் விழும். அதற்காக எல்லாவற்றையும் பேனாவில் ஏற்றக் கூடாது.

இட்லிக்கடை வைத்திருக்கும் ஒரு அக்காவின் பக்கத்தில் "மத்தியானம் 3 மணிக்கு மாவு" என்று இருக்கிறது. அவர் கிரைண்டர் காலையில் வந்தால், மூன்று மணிக்குள் முடியாது என்று தெரிந்த உடனே, எங்கள் பழைய கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிடுவோம். கிரைண்டர் ஒரு நாள் நின்றால் அவருக்கு மறுநாள் வியாபாரமே இல்லை. அந்த ஒரு வரி நோட்டில் இல்லாவிட்டால் நானும் "நாளைக்கு வாங்கக்கா" என்றுதான் சொல்லியிருப்பேன்.

நான் செய்த பெரிய தப்பையும் சொல்ல வேண்டும். பாக்கி வைத்திருந்தவர்களுக்கு ஒரு வருடம் மே மாதத்தில் மெசேஜ் அனுப்பினேன். எல்லோருக்கும் ஒரே வாசகம், பெயரும் தொகையும் மட்டும் வேறு. "தங்கள் பாக்கி ரூ.850 நிலுவையில் உள்ளது. உடனே செலுத்தவும்." ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. காசிமேட்டில் படகை நம்பியிருக்கும் வீடுகளில் காசு புரளாத நாட்கள் அவை. எனக்கு இது தெரியாதா? இங்கேயே பிறந்து வளர்ந்தவள் நான். தெரிந்தும், ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் இருக்கிற முகத்தை நினைக்காமல் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் ஒரு ஆயா வந்தார். 850 ரூபாயை நூறும் ஐம்பதும் பத்துமாக மேஜைமேல் எண்ணி வைத்தார். "இரு ஆயா, அவசரமே இல்ல" என்றேன். "வாயால கேட்டிருந்தா இன்னும் ஒரு மாசம் குடுன்னு நானும் வாயால கேட்டிருப்பேன். எழுத்துல போட்டுட்டியேம்மா" என்றார். பிறகு ஒரு வருடத்துக்கு மேல் எங்கள் கடைப் பக்கம் வரவில்லை.

எழுத்துக்கு இருக்கும் கனம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. வாயால் சொன்னது கொஞ்ச நேரத்தில் கரைந்துபோகும். எழுதியது போனிலேயே இருக்கும், மகன் பார்ப்பான், மருமகள் பார்ப்பாள். நல்லதை எழுதினால் அது எப்படி நிலைத்து நிற்கிறதோ, அப்படித்தான் வலிப்பதும் நிற்கும். இப்போது பாக்கியை எழுத்தில் கேட்பதில்லை. நேரில் பார்க்கும்போதோ போனிலோ, அதுவும் தடைக்காலம் முடிந்து படகு போய் வந்த பிறகுதான் கேட்பேன். நோட்டில் அந்த வீடுகளின் பக்கத்தில் சின்னதாக ஒரு மீன் வரைந்து வைத்திருக்கிறேன்.

அந்த ஆயாவின் வீட்டுக்கு நானே போனேன். வீட்டுக்குள் கூப்பிட்டு டீ கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்டதற்கு ஒன்றும் சொல்லவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

கெட்ட செய்தியாக இருந்தால், கேட்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. ஒரு முறை கடைப் பையன் கை தவறி ஒரு ஜார் மூடியைக் கீழே போட்டுவிட்டான். விரிசல் விட்டுவிட்டது. ஒட்டிக் கொடுத்துவிடலாம் என்றான். நான் உடனே அந்த அக்காவுக்கு எழுதினேன்: "அக்கா, உங்கள் பெரிய ஜார் மூடி எங்கள் கையிலிருந்து விழுந்து விரிசல் விட்டுவிட்டது. தப்பு எங்களுடையது. நாளைக்குப் பாரிமுனையில் அதே மூடி தேடுகிறேன். கிடைக்காவிட்டால் ஜாரோடு புதுசு வாங்கித் தருகிறேன். நாளை ராத்திரி எட்டு மணிக்குள் இரண்டில் எது என்று சொல்கிறேன்." மறுநாள் மூடி கிடைத்தது. கிடைக்காமல் இருந்திருந்தால் எனக்குக் கை நஷ்டம்தான். ஆனால் நேரம் போட்டு எழுதியதால் அவர் நடுவில் ஒரு முறைகூடப் போன் பண்ணவில்லை. "சீக்கிரம்", "கூடிய விரைவில்" என்றெல்லாம் எழுதுவதை நான் நிறுத்தி ரொம்ப நாள் ஆகிறது. அந்த வார்த்தைகளைக் கேட்டு இந்த ஊரில் யாரும் நிம்மதி அடைந்ததில்லை. கிழமையும் நேரமும் எழுத வேண்டும், எழுதிய நேரத்துக்குள் ஒரு பதில் போய்விட வேண்டும், "இன்னும் முடியவில்லை" என்பதாக இருந்தாலும்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவதை நான் அடியோடு விட்டுவிடவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்து ஊரே தவித்தது. எங்கள் கடையிலும் முழங்கால் அளவு தண்ணீர். போனில் சார்ஜ் இருக்கும்போதே ஒன்று எழுதினேன்:

"தண்ணீரில் நின்ற எதையும் பிளக்கில் போட வேண்டாம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், எதுவாக இருந்தாலும் சரி. வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும், ஷாக் அடிக்கும், மோட்டார் எரிந்துபோகும். சுவரில் ஸ்விட்ச் போர்டு நனைந்திருந்தால் மெயினை ஆன் பண்ணாதீர்கள், எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும். மிக்சி, கிரைண்டரை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் சேறு போகத் துடைத்து வெயிலில் வையுங்கள். கடை திறந்ததும் சொல்கிறேன். அவசரப்பட்டு யாரிடமும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பாதிக்கு மேல் பிழைத்துவிடும்."

வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் போட்டால், நம் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும். ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை. என் மெசேஜ் எத்தனை பேருக்குப் போனது என்பது, என்னைப் போனில் வைத்துக்கொள்ள எத்தனை பேர் நினைத்திருக்கிறார்கள் என்பதற்கும் கணக்கு. தீபாவளி, பொங்கல் வாழ்த்துப் படமாக அனுப்பிக்கொண்டே இருந்திருந்தால் பாதிப் பேர் என்னை மியூட் பண்ணியிருப்பார்கள். அந்த டிசம்பரில் என் மெசேஜ் எனக்குத் தெரியாத தெருக்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. மூன்று வாரம் நைனாவும் பையனும் சரியாகத் தூங்கவில்லை. அந்தக் கூட்டத்திலும் ஒவ்வொரு சீட்டுக்கும் பின்பக்கம் எழுதினேன். சிலதில் "இது இனிமேல் ஓடாது, செலவு பண்ண வேண்டாம்" என்றும் எழுதினேன். அதற்குக் காசு வாங்கவில்லை.

அந்தக் கூட்டத்தில்தான் அந்த ஆயாவும் பேத்தியோடு வந்தார். கிரைண்டர் சேற்றில் நின்றிருந்தது. பெல்ட்டும் பேரிங்கும் மாற்றிக் கொடுத்தோம். கிளம்பும்போது சீட்டைத் திருப்பிப் பார்த்தார். கூட்ட அவசரத்தில் அவருடையதில் மட்டும் எழுத மறந்திருந்தேன். "பின்னாடி ஒண்ணும் எழுதலியா எனக்கு?" என்று கேட்டார். உட்கார வைத்து எழுதிக் கொடுத்தேன். பேத்தி ஒரு இடத்திலும் தடுக்காமல் படித்தாள்.

எங்கள் பக்கத்திலிருந்து நிறையக் குடும்பங்களை ஊரின் தென்கோடியில் இருக்கும் பெரும்பாக்கத்துக்குக் குடியமர்த்திவிட்டார்கள். அங்கிருந்து தண்டையார்பேட்டைக்கு வந்து ஃபேன் ரிப்பேர் பண்ணிக்கொண்டு போக முடியுமா? அப்படிப் போன ஒரு தங்கச்சி போன வாரம் ஒரு வீடியோ அனுப்பினாள். ஃபேன் ரொம்ப மெதுவாகச் சுற்றுகிறது, கையால் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறது. அங்கே ஒரு கடையில் காயில் போய்விட்டது, வைண்டிங் கட்ட வேண்டும் என்றார்களாம். நான் எழுதினேன்: "தள்ளிவிட்டால் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான். 2.5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டுப் பார்க்கச் சொல்லு, விலை கம்மிதான். கடைக்காரரிடம் எதிர்த்துப் பேச வேண்டாம். 'அண்ணே, முதல்ல இத மட்டும் மாத்திப் பாருங்க'ன்னு கேளு. மாற்றியும் ஓடாவிட்டால் அவர் சொல்வது சரியாக இருக்கலாம், அப்போது அவரிடமே கட்டிக்கொள். மெயினை ஆஃப் பண்ணிய பிறகு ஃபேனை இறக்கச் சொல்லு."

சாயங்காலம் ஃபேன் ஓடுகிற வீடியோ வந்தது. அடியில் ஒரு வரி: "ஓடுதுக்கா. அந்தக் கடை அண்ணன் நீ எழுதினத படிச்சுட்டு உன் நம்பர் கேட்டாரு, குடுக்கட்டுமா?"

குடு என்று எழுதினேன்.